உதைக்கக் கற்பதற்கு முன்: மாஸ்டர் அக்கா பதில்கள்

கிருஷ்ணகிரியில் மொட்டை மாடியில் டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலை வகுப்பு நடத்துபவர், மாணவர்கள் ‘மாஸ்டர் அக்கா’ என்று கூப்பிடும் நம் பதிலாளர். புதிதாகச் சேர நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

எனக்கு 36 வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மகளை டேக்வாண்டோ வகுப்பில் விட்டுவிட்டு வெளியே பைக் மேல் உட்கார்ந்து செல்போன் பார்ப்பேன். ‘சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நீங்களும் உள்ளே வாங்களேன் சார்’ என்கிறார் அந்த மாஸ்டர். இந்த வயதில் தொடங்கலாமா? சின்னப் பிள்ளைகள் முன்னால் கேவலமாகிவிடாதா?
*ஒரு வாசகர், சூளகிரி*

தாராளமாகத் தொடங்கலாம் சார். வெள்ளை பெல்ட் கட்டுவதற்கு வயது வரம்பு கிடையாது. ஆனால் பதினெட்டு வயதுப் பையனுக்குச் சொல்வதை அப்படியே உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

முதலில் உடம்பு. பி.பி., சர்க்கரை, முட்டியில் பழைய அடி, முதுகுவலி என்று எது இருந்தாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்தத் தொல்லைக்காகத்தான் வந்தது. போர் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்களில் சிலருக்கு மூட்டும் முதுகும் விறைத்துப் போயிருக்கும். ‘எனக்கு உடம்பு வளையாது அக்கா’ என்று யாராவது பெரியவர்கள் வந்தால் நான் பல்லையும் கவனிப்பேன். பழுப்புக் கறை இருந்து, குனிந்து நிமிர வலியும் இருக்கிறது என்றால், போய் எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். பழக்கமில்லாத உடம்பு சில மாதத்தில் தானாக இளகும். எலும்பில் இருக்கிற விறைப்பை இழுத்துப் பிடித்து எடுக்க முடியாது, இழுத்தால் வேறெதாவது போகும்.

அடுத்தது ஷிப்ட். நைட் முடிந்த அன்று வகுப்புக்குப் போகாதீர்கள். பாதி நேரம் ஒற்றைக் காலில் நிற்கிற விளையாட்டு இது. தூக்கம் கெட்ட நாளில் கணுக்கால்தான் முதலில் மடங்கும். வாரத்தில் இரண்டு நாள் போதும். அந்த இரண்டு நாளையும் ஷிப்டுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ள மாஸ்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

கேவலம் பற்றிக் கேட்டீர்கள். வகுப்பில் பெல்ட் வரிசைப்படி நிற்பார்கள். சீனியர்கள் முன்னால், வெள்ளை பெல்ட் கடைசி வரிசை. உங்களுக்குப் பின்னால் சுவர் மட்டும்தான் இருக்கும், பார்த்துச் சிரிக்க ஆள் இல்லை. ஒன்றே ஒன்று, உங்கள் மகள் மஞ்சள் பெல்ட் வாங்கியிருந்தால் அவள் உங்களுக்கு முன் வரிசையில் நிற்பாள். வகுப்புக்குள் அவள் சீனியர், பெல்ட் முடிச்சு சரியில்லை என்று அவளே வந்து அவிழ்த்துக் கட்டிவிடுவாள். அதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்றால் திங்கட்கிழமையே போங்கள்.

மகனுக்கு ஏழு வயது. எங்கள் ஊரில் இரண்டு இடத்தில் டேக்வாண்டோ சொல்லித்தருகிறார்கள். ஒருவர், ‘ஒரே வருஷத்தில் பிளாக் பெல்ட் கேரண்டி’ என்று பேனர் வைத்திருக்கிறார். இன்னொருவர், ‘ஆறு மாசம் வெள்ளை பெல்ட்டிலேயே இருப்பான், பரவாயில்லையா?’ என்று கேட்கிறார். பீஸ் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கே சேர்ப்பது?
*ஒரு தாய், பாலக்கோடு*

பேனரைப் பார்க்காதீர்கள் அம்மா. இரண்டு வகுப்புக்கும் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்கிற இடமாக இருந்தால் அங்கேயே முடிந்தது, அடுத்த இடத்துக்குப் போகலாம்.

உட்கார்ந்து என்ன பார்ப்பது? எல்லாரும் முன் வரிசையைத்தான் பார்ப்பார்கள். கருப்பு பெல்ட் பையன் எகிறிச் சுழன்று ஓடு உடைப்பான், அம்மாக்கள் அத்தனை பேரும் வீடியோ எடுப்பார்கள். நீங்கள் கடைசி வரிசையைப் பாருங்கள். உங்கள் மகன் நிற்கப்போவது அங்கேதான். அந்த வரிசைக்கு மாஸ்டர் எத்தனை தடவை வருகிறார்? வந்து என்ன செய்கிறார்? ‘இன்னும் மேலே, இன்னும் மேலே’ என்று கத்திவிட்டுப் போகிறாரா, இல்லை உட்கார்ந்து ஒரு குழந்தையின் பாதத்தைக் கையால் பிடித்துத் திருப்பி வைக்கிறாரா? மஞ்சள் பெல்ட் சிறுவனைக் கடைசி வரிசைக்கு வாத்தியார் ஆக்கிவிட்டு, தான் முன் வரிசையோடு போட்டிப் பயிற்சியில் இருக்கிறாரா? முதல் வாரத்துப் பிள்ளையைத் தலை உயரம் உதைக்கச் சொல்கிறாரா? காலை விரித்து உட்காரவைத்து, பின்னாலிருந்து இன்னொரு பையனை முதுகில் ஏறி அமுக்கச் சொல்கிறாரா? இந்தக் கடைசி ஒன்றைப் பார்த்தால் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

தரையையும் பாருங்கள். மேட் இருந்தால் நல்லது. சிமெண்ட் தரையாக இருந்தாலும் பாதகமில்லை, ஆனால் அந்தத் தரையில் குதித்துச் சுழலும் உதைகளைக் குழந்தைகளுக்குத் தரக்கூடாது. வெயில் காலத்தில் மொட்டை மாடி நாலு மணிக்கு அடுப்புக்கல்லாக இருக்கும், வெறுங்காலில் நிற்க முடியாது. அதனால்தான் என் வகுப்பு ஐந்தரைக்கு. தண்ணீர் குடிக்க விடுகிறாரா, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இருக்கிறதா, முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இனி அந்த ஒரு வருஷக் கணக்கு. பெல்ட் வெள்ளையில் தொடங்கி மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று போகும். இடையிடையே கோடு போட்ட பெல்ட்களும் உண்டு, வகுப்புக்கு வகுப்பு கொஞ்சம் மாறும். இந்தப் படிகளுக்குக் ‘குப்’ என்று பெயர், பத்திலிருந்து ஒன்று வரை இறங்கி வரும். அதற்குப் பிறகுதான் கருப்பு. வாரத்துக்கு மூன்று நாள் ஒழுங்காக வரும் பிள்ளைக்கே மூன்று நான்கு வருஷம் ஆகும். இன்னொன்று, உலக அளவில் செல்லுபடியாகும் கருப்பு பெல்ட் சான்றிதழைத் தருவது தென்கொரியாவின் சியோல் நகரில் 1972இல் கட்டப்பட்ட குக்கிவோன் என்ற தலைமையகம். அவர்கள் விதிப்படி 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழுக் கருப்பு கிடையாது. பாதி சிவப்பு, பாதி கருப்பாக இருக்கும் ‘பூம்’ பெல்ட்தான். எட்டு வயதில் உங்கள் மகன் இடுப்பில் முழுக் கருப்பு பெல்ட் ஏறினால் அது துணிக்கடை பெல்ட். பேனர்க்காரரிடம், ‘சான்றிதழ் குக்கிவோனிலிருந்து வருமா, உங்கள் பிரிண்டரிலிருந்து வருமா?’ என்று கேளுங்கள். நான் கேட்கச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

பீஸ் ஒன்றுதான் என்கிறீர்கள், மாத பீஸ் ஒன்றாக இருக்கும். பெல்ட் டெஸ்ட் வருஷத்துக்கு எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று தனியாக விசாரியுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு டெஸ்ட் வைத்தால் கணக்கு வேறு மாதிரி போகும். யூனிபார்முக்கு அவசரம் இல்லை. டோபோக் என்பார்கள் அதை. முதல் மாதம் டிராக் பேண்டும் பனியனும் போதும். பையன் நிலைப்பான் என்று தெரிந்த பிறகு வாங்கலாம். கொஞ்சம் பெரிதாகவே எடுங்கள், காலை மடித்துத் தைத்துக்கொண்டால் இரண்டு வருஷம் ஓடும்.

சுருக்கமாகக் கேட்டால், ஆறு மாசம் வெள்ளை பெல்ட் என்று முகத்துக்கு நேரே சொன்னாரே, அவர் பக்கம்தான் என் ஓட்டு. அதற்கும் முன் கடைசி வரிசையைப் பார்த்துவிடுங்கள்.

காலை விரித்து தரையில் உட்கார (ஸ்பிளிட்) எனக்கு வரவே வராது. அது வராதவர்கள் டேக்வாண்டோ கற்க முடியாதாமே?
*ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்*

யார் சொன்னது? உதை இடுப்பு உயரம் போனால் வெள்ளை, மஞ்சள் பெல்ட்டுக்குத் தாராளம். வகுப்புத் தொடக்கத்தில் ஓடி, குதித்து, காலை ஆட்டி உடம்பைச் சூடாக்குங்கள். ஒரே நிலையில் பிடித்து நிற்கிற ஸ்ட்ரெச்சிங்கை வகுப்பு முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது செய்யுங்கள், ஒவ்வொன்றும் 20 முதல் 30 விநாடி. இழுப்பது தெரிய வேண்டும், குத்தக்கூடாது. அப்புறம், வீட்டில் காலையில் எழுந்ததும் குளிர்ந்த உடம்போடு ஜன்னல் கம்பியில் காலைத் தூக்கி வைத்து இழுக்காதீர்கள். தொடையின் பின்பக்கம் ஒரு தடவை பிடித்துக்கொண்டால் இரண்டு மாதம் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

அரூரிலிருந்து தினமும் தருமபுரிக்கு பஸ்ஸில் வந்து கல்லூரியில் படிக்கிறேன். கூட்டத்தில் சில ஆட்களின் தொல்லை தாங்க முடியவில்லை. டேக்வாண்டோ கற்றால் பயமில்லாமல் போய்வரலாமா? எத்தனை மாதத்தில் வரும்? வீட்டிலோ, ‘ஆம்பளப் பசங்களோட சேர்ந்து காலத் தூக்கறதா’ என்கிறார்கள்.
*ஒரு மாணவி, அரூர்*

கண்ணு, முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காலை நேரத்து அரூர் பஸ்ஸில் காலைத் தூக்க இடமே இருக்காது. உதைக்கு ஒரு கால் நீளத் தூரமாவது வேண்டும். போட்டி டேக்வாண்டோவில் இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது, முகத்தில் குத்தக் கூடாது, பிடிக்கக் கூடாது. பஸ்ஸில் கையைப் பிடிக்கிறவன் இந்த விதி எதையும் படித்திருக்க மாட்டான். அதனால் ‘மூன்று மாதத்தில் தற்காப்பு’ என்று யாராவது சொன்னால் நம்பாதே.

பஸ்ஸில் உன் ஆயுதம் குரல். சத்தமாக, ‘கையை எடுங்க’ என்று சொல்வது, முழங்கையை உடம்போடு ஒட்டிப் பின்னால் இடிப்பது, குதிகாலால் பாதத்தை மிதிப்பது, கண்டக்டர் பக்கம் நகர்வது. எண்களை போனில் போட்டு வைத்துக்கொள்: பெண்கள் உதவி 181, அவசரம் 112.

அப்படியானால் டேக்வாண்டோ எதற்கு என்று கேட்பாய். சேரும்போது பெயர் கேட்டால் உதட்டுக்குள்ளேயே சொல்கிற பெண்கள் என்னிடம் நிறைய வருவார்கள். வகுப்பில் ஒவ்வொரு குத்துக்கும் வயிற்றிலிருந்து சத்தம் போட்டாக வேண்டும், கிஹாப் என்பார்கள். முதல் வாரம் வராது. வாய் திறக்கும், காற்றுதான் வரும். பக்கத்தில் நிற்கிற பத்து வயதுப் பொடியன் அலறுவதைக் கேட்டுக் கேட்டு ஒருநாள் தன்னை மறந்து கத்திவிடுவார்கள். கத்திவிட்டுச் சுற்றிமுற்றிப் பார்ப்பார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைக்குப் பிறகு அந்தக் குரல் போகாது. யாராவது முகத்துக்கு நேரே கையை ஓங்கினால் கண்ணை மூடாமல் இருக்கவும், எவ்வளவு தூரத்தில் நின்றால் எட்டாது என்று தெரியவும் ஆறு மாதம் ஒரு வருஷம் ஆகும். இதெல்லாம் கிடைக்கும். அதையும் மீறி, முதல் வழி ஓடித் தப்புவதுதான், அதை எந்த மாஸ்டரும் குறைவாகச் சொல்லக்கூடாது.

வீட்டுக்குச் சொல்ல வேண்டியது: டோபோக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும், சுடிதாரைவிடத் தொளதொள. உள்ளே டி-ஷர்ட் போட்டுக்கொள்ளலாம். ஜோடிப் பயிற்சிக்குப் பெண்ணோடு போடச் சொல்லிக் கேட்கலாம், அது உன் உரிமை. மாதவிடாய் நாளில் வரலாம், வராமலும் இருக்கலாம். வெள்ளை பேண்ட் என்பதால் உள்ளே கருப்பு டைட்ஸ் போட்டுக்கொண்டால் மனசு அதிலேயே இருக்காது. வலி இருந்தால் ‘இன்னைக்கு உட்கார்ந்துக்கறேன்’ என்றால் போதும், காரணம் கேட்கிற மாஸ்டர் வேண்டாம். அம்மாவை ஒருநாள் அழைத்துப்போய் உட்காரவை. நீ பத்து தடவை வாதாடுவதைவிட அவர் ஒரு தடவை பார்ப்பது மேல்.

எங்கள் ஊர் அஞ்செட்டி பக்கம். அருகில் வகுப்பு எதுவும் இல்லை. சாயங்காலம் யானை நடமாட்டம் இருப்பதால் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தாக வேண்டும், தேன்கனிக்கோட்டை போய்வரவும் நேரம் பத்தாது. யூடியூப் பார்த்துக் கற்கலாமா?
*ஒரு வாசகர், அஞ்செட்டி*

பாதி கற்கலாம். எதற்கு அடுத்து எது என்கிற வரிசையை யூடியூப் நன்றாகவே சொல்லித்தரும். உங்கள் கால் எங்கே தவறுகிறது என்று அதற்குத் தெரியாது. ஆகவே வீட்டில் மூன்றே விஷயம் செய்யுங்கள். சுழன்று உதைப்பது, குதித்து உதைப்பது எல்லாம் வீடியோவில் அழகாக இருக்கும், அதைத் தொட வேண்டாம்.

ஒன்று, நேர் உதை. ஆப் சாகி. முட்டியை மார்பு நோக்கித் தூக்கு, நீட்டு, மடக்கு, கீழே வை. நான்கும் தனித்தனியாக. வீட்டில் பழகுகிறவர்கள் மூன்றாவதைச் சாப்பிட்டுவிடுவார்கள், நீட்டிய காலை அப்படியே கீழே போடுவார்கள். அடிபடுவது கால் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற உருண்டையான மேடு, விரல் நுனி இல்லை. விரல்களைப் பின்னால் மடித்துக்கொள்ளாவிட்டால் நகம் பெயரும். ஹானா, தூல், செட், நெட் என்று எண்ணிக்கொண்டே செய்யுங்கள், எல்லா வகுப்பிலும் கொரிய எண்தான்.

இரண்டு, பக்கவாட்டில் வளைந்து வரும் டோல்யோ சாகி. போட்டியில் அதிகம் வருகிற உதை இது, முட்டியைக் கெடுப்பதும் இதுதான். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சாக்பீஸால் தரையில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். கோட்டின் ஒரு முனையில் ஒரு நாற்காலி, அதுதான் எதிராளி. இடது பாதத்தைக் கோட்டின் மேல் விரல்கள் நாற்காலியைப் பார்க்க வையுங்கள். வலது முட்டியை முன்னால் தூக்குங்கள். தூக்கும்போதே இடது குதிகாலைத் தரையிலிருந்து ஒரு நூல் எடுத்து, முன்பாதத்தின் மேல் சுழலுங்கள், கரப்பான் பூச்சியை மிதித்துத் திருகுவது போல. வலது கால் நாற்காலியைத் தொடும் நேரத்தில் இடது குதிகால் நாற்காலியைப் பார்த்திருக்க வேண்டும். உதை முடிந்ததும் அசையாமல் நின்று கீழே பாருங்கள். இடது கால் விரல்கள் இன்னும் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தால், இடுப்பு திரும்பியிருக்கிறது, பாதம் திரும்பவில்லை, நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்கேறியது முட்டி. ஒன்றிரண்டு தடவையில் தெரியாது, நூறு தடவையில் தெரியும். நிற்கிற கால் சரியாகும் வரை உதைக்கிற காலின் உயரத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம், முழங்கால் உயரமே போதும். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

மூன்று, தேகுக் இல் ஜாங். பூம்சே என்று சொல்லப்படும் அசைவுத் தொடர்களில் முதலாவது, மொத்தம் 18 அசைவு. இடப்பக்கம் திரும்பி, இடது கையால் கீழ்த்தடுப்பு, அடுத்த அடியில் வலது கைக் குத்து என்று தொடங்கும். தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். சாக்பீஸ் குறி வைத்துத் தொடங்குங்கள். முடிக்கும்போது குறியை விட்டு இரண்டடி தள்ளி நின்றால் எங்கோ ஓரடி குட்டையாகவோ நெட்டையாகவோ போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஜமுக்காளம், கோரைப்பாய் விரித்துப் பழகாதீர்கள், திருகும்போது பாயும் சேர்ந்து போகும். சாணி மெழுகிய தரை, காய்ந்த சிமெண்ட் தரை இரண்டும் சரி. சாக்ஸ் வேண்டாம், வெறுங்கால். போனைப் பக்கவாட்டிலும் பின்னாலும் வைத்து வீடியோ எடுங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓசூருக்கோ தருமபுரிக்கோ பஸ் ஏறி, ஒரு மாஸ்டரிடம் அந்த வீடியோவைக் காட்டி, ஒரு மணி நேரம் திருத்திக்கொண்டு வாருங்கள். பெரும்பாலோர் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

மகன் எட்டாவது படிக்கிறான். டேக்வாண்டோ பிளாக் பெல்ட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா? ‘டபிள்யூ.டி.’, ‘ஐ.டி.எஃப்.’ என்று இரண்டு வகை உண்டாமே, எதில் சேர்ப்பது?
*ஒரு தந்தை, ஊத்தங்கரை*

தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது பெல்ட்டுக்கு இல்லை சார், போட்டியில் எந்த அளவில் ஆடி என்ன வென்றான் என்பதற்கு. அங்கீகாரம் உள்ள போட்டியின் சான்றிதழ்தான் பேசும். பத்து வயதில் வாங்கிய பெல்ட் சான்றிதழ் சுவரில் தொங்கும், அவ்வளவே. மகன் பள்ளியில் படிக்கிறான் என்பதால் பள்ளி விளையாட்டுப் போட்டிகளின் வழி முதலில் திறக்கும், அங்கே 14, 17, 19 வயதுப் பிரிவுகள். பி.இ.டி. சாரைப் பிடியுங்கள்.

இரண்டு வகை பற்றி. டேக்வாண்டோ என்ற பெயர் 1955இல் கொரியாவில் வைக்கப்பட்டது. 1966இல் ஐ.டி.எஃப். அமைப்பும், 1973இல் இன்றைக்கு வேர்ல்ட் டேக்வாண்டோ (டபிள்யூ.டி.) என்று சொல்கிற அமைப்பும் தொடங்கின. 1988 சியோல், 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் செயல்விளக்கமாக இருந்து, 2000 சிட்னியிலிருந்து பதக்க விளையாட்டு. ஒலிம்பிக்கில் ஆடுவது டபிள்யூ.டி. முறை மட்டும். ஐ.டி.எஃப். குறைந்தது என்று நான் சொல்லவில்லை, அவர்களுடைய 24 தொடர்களில் சில அத்தனை அழகு. போட்டி, கோட்டா என்று யோசிக்கிறவர் டபிள்யூ.டி. பக்கம் போங்கள். நம் நாட்டில் எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்பதில் பல வருஷமாக இழுபறி உண்டு. போட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன் கிருஷ்ணகிரி ஸ்டேடியத்தில் இருக்கிற மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில், ‘இந்தச் சான்றிதழ் செல்லுமா?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

வேலைக்காக மட்டும் சேர்த்தால் பையன் இரண்டாவது வருஷம் நின்றுவிடுவான். பார்த்திருக்கிறேன்.

வகுப்புக்கு முன் என்ன சாப்பிடலாம்? எங்கள் வீட்டில் மூன்று வேளையில் ஒரு வேளை களிதான்.
*ஒரு மாணவன், பென்னாகரம்*

களி நல்ல சாப்பாடு தம்பி, ஆனால் களி தின்றுவிட்டு உதைக்க வராதே. இரண்டரை மூன்று மணி நேரம் இடைவெளி விடு. வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன் ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் வேர்க்கடலையோ போதும். வகுப்பு முடிந்து களியும் கீரைக் கடைசலும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடு. மாம்பழ சீசனில் மட்டும் நான் இந்த விதியைப் பற்றிப் பேசுவதில்லை, பேசினாலும் யாரும் கேட்பதில்லை.

பத்து வயது மகன், பச்சை பெல்ட். போன வாரம் முதல்முறை ஸ்பாரிங் (இருவர் மோதிப் பழகுவது) விட்டார்கள். வயிற்றில் ஒரு உதை வாங்கி அழுதுகொண்டே வந்தவன், இனி போக மாட்டேன் என்கிறான். கட்டாயப்படுத்தலாமா?
*ஒரு தாய், தருமபுரி*

இந்த வாரம் வேண்டாம். அழுதது வலியாலா, எல்லார் முன்னாலும் வாங்கியதாலா என்று மெதுவாகக் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

பிறகு மாஸ்டரிடம் கேளுங்கள், ‘என்ன போட்டு விட்டீர்கள்?’ என்று. மார்புக் கவசம் (ஹோகு), தலைக் கவசம், முன்னங்கை, முழங்கால் கீழ் காப்பு, பல் காப்பு, பையன்களுக்கு அடிவயிற்றுக் காப்பு, இத்தனையும் இருந்தால்தான் ஸ்பாரிங். தலைக் கவசத்தையும் ஹோகுவையும் வகுப்பிலேயே பொதுவாக வைத்திருப்பார்கள். பல் காப்பு மட்டும் சொந்தமாக வாங்குங்கள், அடுத்த பிள்ளையின் எச்சில் வேண்டாம். ஜோடியும் முக்கியம். பத்து வயது என்பதற்காகப் பத்து வயதோடு விடக்கூடாது, உயரமும் எடையும் பார்க்க வேண்டும்.

என் வகுப்பில் முதல் சில வாரம் தொடுவது மட்டும்தான், ஹோகுவில் பாதம் பட்டால் போதும். அடுத்து ஒருவன் உதைக்க, இன்னொருவன் விலக மட்டும். புள்ளி எண்ணுவது அதற்கெல்லாம் பிறகு. உடம்பில் குத்தினால் 1, உடம்பில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3, சுழன்று உதைத்தால் அதற்கும் மேல் என்ற கணக்கைச் சொன்ன அன்றிலிருந்து பையன்கள் தலையையே பார்ப்பார்கள். அதனால் அதை முடிந்தவரை தள்ளிப்போடுவேன். உங்கள் மகனின் மாஸ்டர் இப்படி ஒரு படி கீழே இறக்கித் தொடங்கச் சம்மதித்தால் பையனை அழைத்துப்போங்கள். ‘அழுகிறவனுக்கு இங்கே இடமில்லை’ என்றால் அவருக்குத்தான் நம் வீட்டில் இடமில்லை.

தலையில் பலமாக அடிபட்டுத் தலைசுற்றல், வாந்தி, குழப்பமான பேச்சு இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. ‘கொஞ்சம் உட்கார்ந்துட்டு மறுபடி ஆடு’ என்பது கூடவே கூடாது.

அப்புறம் ஒன்று அம்மா, அடுத்த முறை ஓரமாக நின்று ‘உதைடா, உதைடா’ என்று கத்தாதீர்கள். நீங்கள் கத்தியதாகக் கடிதத்தில் இல்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நம்மிடம் சிலம்பம் இருக்க, கொரியாக்காரன் உதை எதற்கு?
*ஒரு பெரியவர், காரிமங்கலம்*

சிலம்பம் சொல்லித்தர உங்கள் ஊரில் வாத்தியார் இருந்தால் அங்கேயே பேரப்பிள்ளையைச் சேருங்கள் ஐயா, நானே கூட வந்து சேர்த்துவிடுகிறேன். என்னிடம் சிலம்பம் ஆடிவிட்டு வரும் பிள்ளைகளின் கால் அசைவைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும், பாதி வேலை முடிந்தே வருவார்கள். இரண்டையும் ஒரே வருஷத்தில் தொடங்க வேண்டாம், அவ்வளவுதான்.

எதற்கு மாஸ்டர் அக்கா, குத்தும்போது கத்தச் சொல்கிறார்கள்? நான் வீட்டில் பழகும்போது கத்தினால் பாட்டி பயந்து எழுந்து வந்துவிடுகிறார்.
*ஆறாம் வகுப்பு மாணவன், பர்கூர்*

கத்தும்போது மூச்சு வெளியே போகும், வயிறு இறுகும், அந்த நொடியில் அடி விழுந்தாலும் தாங்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்துகிற பிள்ளை பத்தாவது குத்தில் களைத்துவிடும். அதற்காகத்தான் கத்தச் சொல்வது. தொண்டையால் கத்தாதே, கரகரத்துவிடும், வயிற்றால் கத்து. இல் ஜாங்கில் கடைசிக் குத்துக்கு ஒரே ஒரு தடவை கத்தினால் போதும், பதினெட்டுக்கும் வேண்டாம். பாட்டி மத்தியானம் தூங்குகிற நேரத்தில் பழகாமல், அவர் எழுந்து டீ குடிக்கும்போது முன்னால் நின்று செய்து காட்டு. கடைசிக் குத்து எப்போது வரும் என்று இரண்டு நாளில் அவருக்கே தெரிந்துவிடும்.